வேலி எப்போது வந்தது

1

ஜௌஸ்ட், டில்ட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் குதிரைமேலிருந்து ஈட்டியால் பொருதல் என்றுதான் பொருள். அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றது பொருளாக நிற்கும். தமிழில் எழுதும்போது இரண்டையும் 'ஈட்டிச் சண்டை' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது சுலபம். தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த வித்தியாசத்துக்காக ஒருவன் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். பீச் ரயில் பிடித்து வேலைக்குப் போய்வந்த என் போன்றவர்களுக்குக் குதிரை என்றால் கிண்டி ரேஸ் குதிரை. விட்டால், மெரினாவில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடக்கிற குதிரை. ஈட்டி என்றால் கோயில் தூண். ஆனால் பிரச்சினை குதிரையைப் பற்றியதல்ல. ஒரு செயலுக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு சரித்திரம் இருக்கும். அதைத் தாண்டிக் குதித்துவிட்டு மொழிபெயர்ப்பு என்று ஒன்றைச் செய்வதற்கில்லை.

சேலையூர் நண்பர் ஒருவர் சாஸரின் 'காண்டர்பரி கதைகள்' முன்னுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். அதில் வருகிற நைட்டின் மகன் பாட்டுக் கட்டுவான், நடனம் ஆடுவான், படம் போடுவான், ஜௌஸ்டும் செய்வான். இந்த இடத்துக்கு நண்பர் எழுதிய அடிக்குறிப்பு: 'நடுவே வேலியிட்டு இருபுறமும் குதிரையில் பாய்ந்து பொரும் விளையாட்டு'. சாஸர் செத்தது 1400-ல். வேலி வந்தது அதற்குப் பிறகு. அந்த இளைஞனுக்கு முன்னால் வேலி கிடையாது. குறிப்பில் வேலியை நட்டதும் அவன் எதிர்கொண்ட அபாயத்தில் பாதி காணாமல் போய்விடுகிறது.

2

ஜௌஸ்ட் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர், 'அருகே' என்று பொருள்படும் 'யுக்ஸ்டா' என்ற லத்தீன் சொல். படிமங்களை அருகருகே வைப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் வாய் நிறையச் சொல்கிற 'ஜக்ஸ்டபொஸிஷன்' இதன் பங்காளி. ஆக, சொல்லுக்குள் குதிரையும் இல்லை, ஈட்டியும் இல்லை. இரண்டு பேர் நெருங்குகிறார்கள் என்பது மட்டும் இருக்கிறது.

இதற்கு மூத்த சொல் டோர்னமெண்ட். திரும்புதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. மூன்றில் நம் பேச்சில் கலந்துவிட்டது இது ஒன்றுதான். சேலையூர், குரோம்பேட்டைச் சுவர்களில் டென்னிஸ் பால் டோர்னமெண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது இத்தனை சாதுவாக இல்லை. இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வயலும் தோப்பும் ஆற்றங்கரையும் களம். இரண்டு கட்சிகளாகப் பிரிந்து மோதுவார்கள். பிடிபட்டவன் மீட்புப் பணம் கட்ட வேண்டும். குதிரையும் கவசமும் பிடித்தவனுக்கு. வில்லியம் மார்ஷல் இந்த வருமானத்தில் ஆளாகி, பின்னால் இங்கிலாந்தின் அரசப் பிரதிநிதி வரை உயர்ந்தவர். திருச்சபை 1130-ல் கிளெர்மான்ட் சபையில் இதைத் தடை செய்தது. களத்தில் செத்தவனுக்குத் திருச்சபை மண்ணில் இடம் இல்லை என்றது. தடை 1316 வரை ஏட்டில் இருந்தது, ஆட்டமும் நடந்துகொண்டிருந்தது. 1292-ல் வந்த ஆங்கிலேயச் சட்டம் ஒன்று, வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று விதித்தது. பார்க்கிறவனுக்கும் ஆடுகிறவனுக்கும் நடுவே அதுவரை கோடு சரியாக விழவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தக் கும்பல் மோதலுக்கு முன்னால் ஒண்டிக்கு ஒண்டியாக இருவர் மோதுவதுதான் ஜௌஸ்ட். மெல்ல அது தனி ஆட்டமாகப் பிரிந்தது. சமாதான ஜௌஸ்டில் ஈட்டி நுனியில் மூன்று மழுங்கிய பற்கள் கொண்ட குப்பி மாட்டுவார்கள். பகை ஜௌஸ்டில் கூர்முனை. எதுவானாலும் களம் திறந்த வெளி. இரண்டு குதிரைகள் நேருக்கு நேர் வருகின்றன. ஒன்று சற்றே விலகினால் குத்து தவறும். விலகாவிட்டால் குதிரையும் குதிரையும் முட்டி, மேலே இருக்கிறவர்கள் எலும்பு நொறுங்கி விழுவார்கள்.

பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் களத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு கயிறு கட்டி அதில் துணியைத் தொங்கவிட்டார்கள். பிறகு துணி போய்ப் பலகை வந்தது. இந்தத் தடுப்புக்குத்தான் டில்ட் என்று பெயர். பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. சாய்தல் என்ற வினையிலிருந்து, ஈட்டியைச் சாய்ப்பதால் வந்தது என்பது ஒரு கட்சி. கூடாரத்துக்கும் வண்டிக்கும் மேலே போடும் முரட்டுத் துணிக்கு ஆங்கிலத்தில் டில்ட் என்று பெயர் உண்டு, அந்தத் துணிதான் இது என்பது இன்னொரு கட்சி. தாம்பரம் மார்க்கெட்டில் லாரிக்கு மேல் இழுத்துக் கட்டுகிற படுதாவின் ஜாதி. எனக்கு இரண்டாவது கட்சிதான் பிடித்திருக்கிறது. தடுப்பின் பெயர் ஆட்டத்துக்கு ஆகி, ஆட்டத்தின் பெயர் வினையாகிவிட்டது.

தடுப்பு வந்ததும் எல்லாம் மாறுகிறது. இருவரும் தடுப்பைத் தத்தம் இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். வலக்கையில் இடுக்கிய ஈட்டி குதிரையின் கழுத்தைத் தாண்டி இடது பக்கமாகச் சாய்கிறது. குத்து நேராக விழாமல் கோணலாக விழுகிறது. ஈட்டி எளிதில் முறிகிறது. எதிராளியை வீழ்த்துவதைவிட ஈட்டியை முறிப்பதே கணக்காகிறது. கவசத்தின் இடது பக்கம் கனக்கிறது. யார் எத்தனை ஈட்டி முறித்தார்கள் என்று கோடு போட்டுக் குறித்த தாள்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு ஆங்கிலத்தில் 'செக்' என்றே பெயர். வங்கிக் குமாஸ்தாவாக எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. நானும் நாள் முழுவதும் ஒரு தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து செக்குகளைப் பார்க்கிறவன்தான்.

முதலாம் எலிசபெத் பட்டமேறிய நவம்பர் 17-ஐக் கொண்டாட ஆண்டுதோறும் நடந்தவை டில்ட்கள். பிலிப் சிட்னி அவற்றில் ஓடியிருக்கிறார். அது அரசவை அலங்காரம். கவிதையும் சின்னமும் ஈட்டியும் சேர்ந்த ஒரு நாடகம். அபாயம் முற்றிலும் போய்விடவில்லை. 1559-ல் பிரான்ஸின் இரண்டாம் ஹென்றி, முறிந்த ஈட்டியின் சிலும்பு முகமூடிக்குள் பாய்ந்து பத்து நாள் கிடந்து இறந்தார். ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' மயக்கம் தலைக்கேறி 1839-ல் ஸ்காட்லாந்தின் எக்லிண்டனில் ஒரு பிரபு இதையெல்லாம் திரும்ப நடத்திக் காட்டப் பார்த்தார். மழை கொட்டியது. வீரர்கள் சேற்றில் நிற்க, கனவான்கள் குடை பிடித்தார்கள்.

காற்றாலைகளோடு மோதிய டான் க்விக்ஸாட்டுக்கு ஆங்கிலம் டில்ட் என்ற சொல்லைக் கொடுத்தது. செர்வாண்டிஸின் ஸ்பானியச் சொல்லுக்குப் பாய்ந்து மோதினான் என்றுதான் பொருள். அங்கே தடுப்பும் இல்லை, எதிர்ப்பக்கத்து வீரனும் இல்லை, மதிப்பெண் குறிக்கிறவனும் இல்லை. ஆங்கிலச் சொல் அந்தப் பைத்தியத்துக்கு ஒரு மைதானத்தையும் கட்டிக்கொடுத்துவிட்டது.

3

இந்த ஆட்டம் நம்மிடம் இல்லை. காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் முன்கால் தூக்கிய குதிரைகளும் வீரர்களும் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் குதிரைவீரனின் ஈட்டி புலியின்மேல் பாய்கிறது. நான் பார்த்த தூண்களில் குதிரைவீரனுக்கு எதிரே இன்னொரு குதிரைவீரன் இல்லை. குதிரை நமக்குக் கடல்வழி வந்த சரக்கு. 'பட்டினப்பாலை' முதல் மார்க்கோ போலோ வரை அதைச் சொல்கிறார்கள். அரசன் ஏறியது யானை. 949-ல் தக்கோலத்தில் ராஜாதித்தனும் 1054-ல் கொப்பத்தில் ராஜாதிராஜனும் யானைமேல் இறந்தார்கள். கல்வெட்டு அதை 'துஞ்சின' என்கிறது. புறப்பொருள் இலக்கணத்தில் தும்பைத் திணைக்குள் குதிரைமறம் உண்டு. இரண்டு அரசரும் மடிகிற 'இருவரும் தபுநிலை'யும் உண்டு. போரை இத்தனை நுணுக்கமாகப் பிரித்தவர்கள் குதிரை ஈட்டியை விளையாட்டாக்கவில்லை.

ஆனால் வேலியைக் கொண்டு பெயர் பிரிப்பது நமக்குத் தெரியாத சமாச்சாரமல்ல. அதைக் குதிரையில் தேடக் கூடாது, மாட்டில் தேட வேண்டும். மஞ்சுவிரட்டு என்றால் திறந்த பொட்டலில் மாடுகளை அவிழ்த்துவிடுவது. சிவகங்கைப் பக்கம் சிராவயலில் நடப்பது போல. ஜல்லிக்கட்டில் மாடு வாடிவாசல் வழியாக ஒவ்வொன்றாக வரும். பார்க்கிறவன் தடுப்புக்கு அப்பால். வடமாட்டில் மாடு நீண்ட கயிற்றில் கட்டுண்டு நிற்கும். குறித்த நேரத்துக்குள் ஒரு குழு அதை அடக்க வேண்டும். வடக்கே வேலூர்ப் பக்கத்து எருது விடும் விழாவில் மாட்டை யாரும் தழுவுவதில்லை. தெருவில் ஓடவிட்டு நேரம் கணக்கிடுகிறார்கள். நான்கு பெயரும் நான்கு விதமான இடைவெளி. வேலி எங்கே, கயிறு எவ்வளவு, பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதைத்தான் அவை சொல்கின்றன. மஞ்சுவிரட்டில் வேடிக்கை பார்க்கப் போனவன் குத்துப்பட்டுச் சாவது ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்தப் பெயரே ஒரு எச்சரிக்கை.

'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா இதை உணர்ந்தவர். தன் குறுநாவலுக்கு மாட்டின் பெயரையோ வீரனின் பெயரையோ வைக்காமல் 'வாடிவாசல்' என்று வைத்தார். மாடும் மனிதனும் சந்திக்கிற அந்தத் திட்டி வாசல்தான் கதை என்பது அவருக்குத் தெரியும்.

உச்ச நீதிமன்றம் 2014-ல் தடை விதித்தது. மெரினாவில் கூட்டம் திரண்டது. 2017 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்தபோது மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா மூன்றையும் அதற்குள் போட்டு மூடியது. 2023-ல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. சட்டத்துக்கு அப்படிச் செய்யவேண்டிய அவசியம் இருந்தது. ஒரு பெயரைக் காப்பாற்றினால் நான்கும் பிழைக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. சட்டத்தின் சௌகரியத்தை எழுத்தாளனும் எடுத்துக்கொள்கிறான் என்பதுதான் என் புகார். சென்னையிலிருந்து எழுதுகிறவனுக்கு எல்லாம் ஜல்லிக்கட்டாகிவிட்டது. மற்ற மூன்று பெயர்களும் சில ஜில்லாக்களின் வாயில் மட்டும் மிச்சமிருக்கின்றன.

4

மொழிபெயர்ப்பாளனுக்கு நான் சொல்லக்கூடியது சிறிய விஷயம். ஜௌஸ்டுக்கு 'எதிர்ப்பாய்ச்சல்' என்றும் டில்டுக்கு 'தடுப்புப் பாய்ச்சல்' என்றும் எழுதிப் பார்க்கலாம். காதுக்கு இனிமையாக இல்லை. ஆனால் சாஸரின் இளைஞனுக்கு முதலாவதும் சிட்னிக்கு இரண்டாவதும் பொருந்தும். மாற்றிப் போட்டால் பொய்யாகிவிடும். இதைவிட நல்ல சொல் அகப்படும்வரை ஆங்கிலச் சொற்களையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவதில்தான் ஆட்சேபணை.

ஒரே பொருள் தருகிற இரண்டு சொற்கள் என்று நாம் தள்ளிவிடுகிறவற்றில் ஒன்று, பெரும்பாலும், மனிதர்கள் ஒருவரை ஒருவர் நெருங்கியதைச் சொல்கிறது. மற்றது அந்த நெருக்கத்துக்குப் பயந்து நடுவே ஏதோ ஒன்றைக் கட்டியதைச் சொல்கிறது. கட்டியது துணியா, பலகையா, கயிறா, எந்த வருஷம் கட்டினார்கள் என்று கேட்பதும் இலக்கிய விமர்சனத்தின் வேலைதான்.