ஒரு இடைவெளி போதும், கையொப்பம் செல்லாது!

தாளில் போட்ட கையெழுத்துக்கு ஒரு வசதி உண்டு. தாளை நாலாக மடித்தாலும், டீக்கறை பட்டாலும் அது செல்லும். டிஜிட்டல் கையொப்பம் அப்படியல்ல. கையொப்பமிட்ட பகுதியில் ஒரு எழுத்து மாறினாலும் போச்சு!

இதன் அடிப்படை யோசனையை 1976-ல் டிஃபி, ஹெல்மன் இருவரும் வெளியிட்டார்கள். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், அடல்மன் மூவரும் ஆர்எஸ்ஏ முறையை உருவாக்கினார்கள். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்குச் சட்ட அங்கீகாரம் தந்தது.

1998-ல் எக்ஸ்எம்எல் தரமாக்கப்பட்டபோது புதுச் சிக்கல் முளைத்தது. அதில் ஒரே தகவலைப் பல விதமாக எழுதலாம். ஒற்றை மேற்கோள் போடலாம், இரட்டையும் போடலாம். பொருள் மாறாது, ஆனால் பைட்டுகள் மாறும், கூடவே ஹாஷும் மாறும். யாரும் கை வைக்காத இன்வாய்ஸ் கூட 'செல்லாது' என்று திரும்பி வரும், பணமும் தாமதமாகும்.

இதற்கு மருந்தாக 2001 மார்ச்சில் 'கெனானிகல் எக்ஸ்எம்எல்' வந்தது. ஹாஷ் போடும் முன் ஆவணத்தை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் விதிகள் இவை. 2002 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் கையொப்பத் தரமே வந்துவிட்டது.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. டேகுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை இந்த விதிகள் நீக்குவதில்லை. கையொப்பமிட்ட பிறகு யாராவது ஃபைலை 'அழகாக' வரி பிரித்துச் சேமித்தால் கதை முடிந்தது. ஆவணத்தை ஒரு சோப் உறைக்குள் வைத்தால் வெளியிலுள்ள நேம்ஸ்பேஸ்களும் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்காகவே 2002 ஜூலையில் 'எக்ஸ்க்ளூசிவ்' வகை வந்தது.

பிழை தேடுவோருக்கு ஒரு வழி உண்டு. சரிபார்ப்பில் இரண்டு படிகள். டைஜஸ்ட் பொருந்தவில்லை என்றால், உள்ளடக்கத்தையும் அதன் மாற்ற விதிகளையும் பார்க்க வேண்டும். டைஜஸ்ட் சரியாக இருந்து கையொப்ப மதிப்பு மட்டும் தவறினால், சந்தேகம் சாவி மீதும் 'சைன்ட்இன்ஃபோ' பகுதி மீதும் விழ வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, செல்லக்கூடாதது செல்வது. கையொப்பமிட்ட பகுதியை ஓரமாக நகர்த்திவிட்டு, அதன் இடத்தில் போலியை வைக்கும் தாக்குதல் 2005-லேயே விவரிக்கப்பட்டது. 2012-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் 14 சாம்ல் மென்பொருள்களைச் சோதித்தார்கள். 11-ல் ஓட்டை இருந்தது!

ஆகவே 'கையொப்பம் சரியா?' என்ற கேள்வி மட்டும் போதாது. 'எந்தப் பகுதிக்குக் கையொப்பம்? நிரல் படிப்பதும் அதே பகுதிதானா?' என்பதையும் கேட்டாக வேண்டும்.