தலைக்கவசம் பிறந்த வரலாறு



இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மன்னரின் வரலாறும் அன்று. ஒரு பேரரசின் வரலாறும் அன்று. உங்களுள் பலருடைய வீட்டுச் சுவரில் ஆணியிலோ, மோட்டார் சைக்கிளின் கைப்பிடியிலோ தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருளின் வரலாறு. அதனைத் தலைக்கவசம் என்று எழுதுகிறோம். ஹெல்மெட் என்று பேசுகிறோம். அணியாமற் போனால் போலீசார் அபராதம் விதிப்பர் என்ற அளவிலேதான் பலர் அதனை அறிந்திருக்கின்றனர். ஆனால் அந்தப் பொருளுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மரணங்கள் இருக்கின்றன. அம்மரணங்களைப் பொறுமையோடு எண்ணிப் பார்த்த ஒரு மருத்துவரின் உழைப்பும் இருக்கிறது.

கதை இங்கிலாந்தில், பந்தயக் களத்திலே தொடங்குகிறது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் புரூக்லண்ட்ஸ் என்னும் இடத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்று வந்தன. அங்கு மருத்துவராக இருந்தவர் எரிக் கார்டனர். கீழே விழும் ஓட்டிகள் கை கால் முறிந்து வருவதைக் காட்டிலும், தலையில் அடிபட்டு நினைவிழந்து வருவதே அவருக்குக் கவலை அளித்தது. கித்தான் துணியை அரக்கினால் இறுக்கி, உறுதியான தொப்பி ஒன்றை அவர் செய்வித்தார். பந்தயச் சங்கத்தார் முதலில் அதனை ஏற்க மறுத்தனர்; பின்னர் இணங்கினர். 1914-ஆம் ஆண்டு மான் தீவில் நடந்த புகழ்பெற்ற பந்தயத்தில் ஓட்டிகள் அனைவரும் அத்தொப்பியை அணிந்து சென்றனர். வழக்கமாகப் பந்தயம் முடிந்ததும் தலையில் அடிபட்டு மயங்கியவர்கள் சிலரேனும் தம்மிடம் வருவதுண்டு என்றும், அவ்வாண்டு ஒருவரும் வரவில்லை என்றும் தீவின் மருத்துவர் பிறகு கார்டனருக்கு எழுதினார்.

ஆகவே, தலையைக் காக்கலாம் என்னும் உண்மை 1914-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் அது பந்தயக் களத்தின் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது. பாதையில் செல்லும் சாதாரண மனிதனுக்கு அது வந்து சேரவில்லை. தலைக்கவசம் பந்தயக்காரருக்குரியது, நமக்கு எதற்கு என்று மக்கள் எண்ணினர். ஓர் உண்மை கண்டுபிடிக்கப்படுவது வேறு. அது மக்களுக்குப் பயன்படுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

இருபத்தோராண்டுகள் கழிந்தன. 1935-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள். முதல் உலகப் போரில் அராபியருடன் சேர்ந்து துருக்கியரை எதிர்த்துப் போரிட்டுப் பெரும் புகழ் பெற்ற டி. ஈ. லாரன்ஸ், இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்திலுள்ள தம் சிறு குடிலுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. பாதையில் ஒரு மேடும் பள்ளமும். எதிர்பாராத வகையில் இரு சிறுவர்கள் சைக்கிளில் முன்னே செல்வதைக் கண்டார். அவர்கள் மேல் மோதாமல் வண்டியைத் திருப்ப முயன்றவர் தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. போவிங்டன் இராணுவ மருத்துவமனையில் ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து, மே 19-ஆம் நாள் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 46.

அவருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ். இவரே நம் கதைக்கு நாயகர். 1896-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரி என்னும் ஊரில் பிறந்தவர். ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டுக்குப் படிக்க வந்தார். பின்னர் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகருக்குச் சென்று, மூளை அறுவைச் சிகிச்சையின் தந்தை எனப் போற்றப்படும் ஹார்வி குஷிங்கிடம் பயின்றார். அக்கலையைப் பிரிட்டனில் வேரூன்றச் செய்தவர்களுள் கெய்ன்ஸ் முதன்மையானவர். அத்தகைய கைவன்மை படைத்தவரும் லாரன்ஸின் படுக்கையருகே நின்று செய்யத்தக்கது ஒன்றுமில்லாமல் போயிற்று. நசுங்கிய மூளையைத் தைத்து முன்போல ஆக்கும் ஊசியும் நூலும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இந்த ஒரு மரணமே கெய்ன்ஸின் மனத்தைத் திருப்பியது என்று பின்னாளில் எழுதியோர் கூறுவர். அது உண்மையாக இருக்கலாம். ஆயினும் ஒரு மரணம் மனத்தை உருக்குமேயன்றி, ஓர் உண்மையை நிறுவாது. நிறுவுவதற்குப் பல நிகழ்ச்சிகளைச் சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கான காலம், துயரமான முறையில், விரைவிலேயே வந்தது.

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பகைவரின் விமானங்களுக்கு அஞ்சி இரவில் பிரிட்டனின் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. அந்த இருளில், இராணுவச் செய்திகளைச் சுமந்துகொண்டு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் விரைந்தனர். ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்த கெய்ன்ஸ், விபத்துக் கணக்குகளைத் திரட்டினார். 1941-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரிட்டிஷ் மருத்துவச் சங்க இதழில் அவர் கட்டுரை வெளிவந்தது. போரின் முதல் 21 மாதங்களில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் பின்னால் அமர்ந்து சென்றோரும் பிரிட்டனின் பாதைகளில் மாண்டனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். போருக்கு முந்திய அதே கால அளவோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு 21 மடங்கு மிகுதி என்று யாரும் தவறாகக் கொள்ளலாகாது. நூற்றுக்கு 21 வீதம் மிகுதி. போர்முனைக்குச் சென்று இறந்தவர்கள் அல்லர் இவர்கள். தம் நாட்டுப் பாதையிலேயே இறந்தவர்கள். அவர்களுடைய சாவுக்குப் பெரும்பாலும் காரணம் தலைக்காயம்.

அக்கட்டுரையில் இன்னொரு சிறிய எண்ணும் இருந்தது. கவசம் அணிந்திருந்தபோது விபத்துக்குள்ளானவர்கள் என்று கெய்ன்ஸுக்குக் கிடைத்தவர்கள் ஏழு பேர். எழுவருமே உயிர் பிழைத்திருந்தனர். ஏழு என்பது மிகச் சிறிய எண். அதனை மட்டும் வைத்து முடிவு கூறுதல் முறையன்று. ஆனால் உயிர் காக்கும் வழி ஒன்று கண்ணுக்குத் தெரியும்போது, முழுக் கணக்கும் வரட்டும் என்று கை கட்டிக் காத்திருத்தலும் முறையன்று. 1941 நவம்பரிலேயே, பணியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் படைவீரர் அனைவரும் கவசம் அணிய வேண்டும் என்று பிரிட்டிஷ் இராணுவம் ஆணை பிறப்பித்தது.

கெய்ன்ஸ் அத்துடன் நின்றுவிடவில்லை. கவசம் அணிந்து விபத்துக்குள்ளானவர் 106 பேரைப் பற்றி ஆராய்ந்து 1943-இல் எழுதினார். கவசத்தின் எந்தப் பகுதி நசுங்கியது, அதன் கீழ் மண்டையோட்டுக்கு என்ன நேர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். போர் முடிந்தபின் 1946-இல் மீண்டும் எழுதினார். ஆணை பிறந்த நாள் தொட்டு மரணங்கள் படிப்படியாகக் குறைந்து வந்ததைக் காட்டினார்.

இவ்வாராய்ச்சியில் கெய்ன்ஸுக்குத் துணை நின்றவர் ஹோல்போர்ன் என்னும் பௌதிக அறிஞர். விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதனைக் கூர்ந்து கேட்க வேண்டும். மூளை சுமார் 1,400 கிராம் எடையுள்ளது, மிக மென்மையானது, மண்டையோட்டுக்குள் நீர் சூழ அமைந்திருப்பது. ஓடும் தலை ஒரு கல்லில் மோதினால் மண்டையோடு உடனே நின்றுவிடுகிறது. மூளையோ தன் வேகத்தில் மேலும் செல்ல முயல்கிறது. தலை திடீரென்று திருகப்பட்டால் மூளை உள்ளுக்குள்ளே முறுக்குண்டு, அதன் நுண்ணிய நரம்பிழைகள் அறுபடுகின்றன. வெளியே ஒரு கீறலும் இல்லாதவன் நினைவிழந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே. மூளையின் வடிவில் ஜெலட்டின் கூழை வார்த்து, அதனைத் திடீரெனச் சுழற்றி, எப்பகுதி எவ்வளவு திரிபடைகிறது என்பதை ஹோல்போர்ன் 1943-இல் காட்டினார். பானைத் தயிரை வேகமாகத் திருகி நிறுத்திப் பாருங்கள். பானை நின்றுவிடும், தயிர் உடைந்துவிடும்.

கவசம் செய்வது என்ன? கிரிக்கெட் ஆட்டத்தில் பந்தைப் பிடிப்பவன் கையைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான் அல்லவா? பந்து நிற்பதற்கு அவன் கொஞ்சம் நேரம் கொடுக்கிறான். அதனால் கை நோவதில்லை. கவசமும் தலை நிற்பதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கிறது. அதன் வெளி ஓடு அடியைப் பரவச் செய்கிறது. உட்புறம் நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் தலை, ஏறத்தாழப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழும் தலைக்குச் சமம். மூன்று மாடி உயரத்திலிருந்து குதிக்க அஞ்சுகிறவன், அதே வேகத்தில் வெறுந்தலையோடு பாதையில் செல்ல அஞ்சுவதில்லை. உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, வேகம் தெரிவதில்லை.

ஹியூ கெய்ன்ஸ் 1952-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், தம் 56-ஆம் வயதில் காலமானார். பொதுமக்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிய சட்டத்தை அவர் கண்ணால் காணவில்லை. அவர் பிறந்த ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலம் 1961-இல் உலகிலேயே முதன்முதலாக அச்சட்டத்தை இயற்றியது. அவர் உழைத்த பிரிட்டனில் 1973 ஜூன் முதல் நாள்தான் அது நடைமுறைக்கு வந்தது. லாரன்ஸ் இறந்து 38 ஆண்டுகளும், மான் தீவுப் பந்தயம் நடந்து 59 ஆண்டுகளும் அப்போது கழிந்திருந்தன. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதனை விதித்தது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஓர் அறிக்கை, கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 வீதமும், தலைக்காய அபாயத்தை நூற்றுக்கு 69 வீதமும் குறைக்கிறது என்று கணித்தது. அன்றைய ஏழு பேர் உணர்த்திய உண்மையைப் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் உறுதி செய்தனர்.

இவ்வளவும் படித்த நான், ஒரு முறை வாய் மூடி இருந்ததை உங்களிடம் மறைக்கலாகாது. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், எங்கள் பள்ளியில் பயின்று சென்ற மாணவன் ஒருவன் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைச் சொல்லப் புது மோட்டார் சைக்கிளில் வந்தான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன். கவசம் கைப்பிடியில் தொங்கியதை நான் கண்டேன். மகிழ்ச்சியோடு வந்தவனைக் கண்டிப்பானேன் என்று எண்ணி, வாழ்த்தி மட்டும் அனுப்பினேன். இரண்டு மாதங்களுக்குப் பின், மழை பெய்து ஈரமாக இருந்த பாதையில் வண்டி சறுக்கிற்று. அவன் இறக்கவில்லை. கை கால்களும் நன்றாக இருக்கின்றன. ஆனால் கடையில் கொடுத்த மீதிச் சில்லறையை எண்ணுவதற்கு இன்று அவனுக்குத் தாயின் துணை வேண்டியிருக்கிறது. நான் பார்க்கச் சென்றபோது, “ஐயா, உட்காருங்கள்” என்றான். சிறிது நேரம் கழித்து, நான் யார் என்று தாயைக் கேட்டான்.

நான் சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பானா என்பதை அறியேன். சொல்லவில்லை என்பதை மட்டும் அறிவேன். உண்மையைத் தெரிந்து வைத்திருப்பதற்கும் அதனை உரிய நேரத்தில் எடுத்துச் சொல்வதற்கும் இடையே உள்ள தூரம் நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. அன்று அது என் பள்ளி வாசலிலும் இருந்தது.

மாணவர்களே, சிறந்த அறுவை மருத்துவர் ஒருவர் தம் கத்தியால் காத்த உயிர்களைக் காட்டிலும், பேனாவால் எண்ணிக் காத்த உயிர்கள் மிகுதி. அவர் எண்ணி முடித்துவிட்டார். நாம் மீண்டும் ஒரு முறை எண்ண வேண்டுவதில்லை. நாளைக் காலை உங்கள் அண்ணனோ, தந்தையோ, ஆசிரியரோ வெறுந்தலையோடு வண்டியை எடுப்பாராயின், ஆணியில் தொங்குவதை எடுத்து அவர் கையில் கொடுங்கள். அவர் சற்றே சினந்தாலும் சினக்கட்டும். என்னைப் போல வாழ்த்தி மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.