நம்ம கையால் ஒரு விமானம்: டாக்டர் காட்கே நினைவாக

மலர்க்குழுத் தம்பிகள், "சார், மாணவர்களுக்கு உபயோகமா ஒரு பொறியாளரைப் பற்றி எழுதுங்க" என்று கேட்டார்கள். விமானம் என்றதும் நம் பிள்ளைகள் சொல்லும் பெயர் அப்துல் கலாம். அதில் தப்பே இல்லை. ஆனால் கலாம் அவர்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு, பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போய் இன்ஜின் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டபோது, நம் நாட்டிலேயே வடிவமைத்த விமானம் அங்கே ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. அதைச் செய்தவர் டாக்டர் வி.எம். காட்கே. இந்தப் பெயரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1908-இல் மராட்டியக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பிரான்டிலிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். காற்றியக்கவியலுக்குப் பிரான்டில்தான் தாத்தா என்று இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பேர்ப்பட்டவரிடம் படித்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பி வந்தால், அவர் செய்வதற்கு இங்கே ஒரு விமானத் தொழிற்சாலைகூடக் கிடையாது!

நான் கோடியக்கரைக்காரன். உப்பும் பறவையும்தான் எங்க ஊர்ச் சொத்து. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளியது பக்கத்திலே வேதாரண்யத்தில்தான். நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம் என்கிற அதே எண்ணம் பத்து வருஷத்தில் உப்பிலிருந்து விமானம் வரைக்கும் போய்விட்டது. 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசாங்கத்தின் துணையோடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கினார். காட்கே அங்கே சேர்ந்தார். முதல் வேலையாகப் பத்துப் பேர் உட்காரும் ஒரு கிளைடரை வடிவமைத்தார். அப்புறம் உலகப்போரின் அவசரத்தில் அமெரிக்க ராணுவ விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாக அந்தத் தொழிற்சாலை மாறிப்போனது.

வடிவமைப்பு வேலை நின்றாலும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. 1942 டிசம்பரில் இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை அவர் தலைமையில் ஆரம்பமானது. தொழிற்சாலை வருமுன்னே தொழில் தெரிந்த ஆளை உண்டாக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்ட மனிதர்.

சுதந்திரத்துக்குப் பிறகு அவர் வடிவமைத்தது எச்.டி.-2 என்ற இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானம். போர் விமானம் இல்லையா என்று கேட்கத் தோன்றும். அதுவரை நம் விமானிகள் பழகியது, துணி போர்த்திய இறக்கையுள்ள டைகர் மாத் விமானத்தில். எச்.டி.-2 முழுக்க உலோகம். தகட்டை வளைத்து, ரிவெட் அடித்து, ஜிக்கில் பொருத்தி, ஒரே அளவில் நூறு இறக்கை செய்யப் பழகினால்தான் பெரிய விமானம் கைக்கு வரும். பறக்கப் பழகுகிற விமானி மட்டுமல்ல, அதைச் செய்கிற தொழிலாளியும் அந்த விமானத்தில்தான் பாடம் படித்தான். எங்க ஊர்ப் பூநாரைகூடத் தண்ணீரில் கொஞ்ச தூரம் ஓடித்தானே மேலே எழும்புகிறது!

1951 ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஜம்ஷெட் முன்ஷி அதை முதன்முதலாக ஓட்டினார். ஏறக்குறைய 170 விமானங்கள் செய்தார்கள். கானா நாட்டுக்கும் சில போயின. பின்னால் புஷ்பக், கிருஷக், 1964-இல் கிரண் ஜெட் பயிற்சி விமானம் என்று வரிசையாக வந்தன. தலைமுறை தலைமுறையாக நம் விமானப்படையினர் கிரணில் பழகியவர்களே. 1965-இல் காட்கேக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1991-இல் மறைந்தார்.

மாணவர்களே, இதோடு முடித்தால் பாதிக் கதைதான். எச்.டி.-2-இன் இன்ஜின் பிரிட்டிஷ் தயாரிப்பு. கிரணுக்கும் அப்படியே. ஜெர்மானியர் குர்ட் டாங்க் இங்கே வந்து வடிவமைத்த மாருத் போர் விமானம் 1961-இல் பறந்தது. 1971 போரில் லோங்கேவாலா பக்கம் நன்றாக உழைத்தது. ஆனால் அதற்கேற்ற சக்தியுள்ள இன்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. ஒலியை மிஞ்சுவதற்காக வரைந்த விமானம் அந்தக் கனவை எட்டாமலே ஓய்வு பெற்றது. 2001-இல் பறந்த தேஜஸுக்கும் அமெரிக்க இன்ஜின்தான்.

சொந்த இன்ஜினுக்கான திட்டம் 1989-இல் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? காவிரி! 2008-இல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். ஆளில்லா விமானத்துக்கு ஏற்றபடி மாற்றும் முயற்சி பின்னர் தொடர்ந்தது.

மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தாச்சு என்று பேப்பரில் போட்டால் எங்க பக்கத்துக் கடைமடை விவசாயி துள்ளிக் குதிக்க மாட்டான். தன் வாய்க்காலில் கண்ணால் பார்த்த பிறகுதான் பேசுவான். விமானத் தொழிலும் அப்படித்தான். மடையைத் திறந்துவிட்டவர் காட்கே. அந்தத் தண்ணீர் இன்ஜின் என்கிற கடைமடைக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. அதிக வெப்பம் தாங்கும் உலோகம், டர்பைன் இலை வார்ப்பு, வருஷக்கணக்கில் பொறுமையான சோதனை – இதெல்லாம் கைதட்டல் கிடைக்காத வேலைகள். பயிற்சி விமானம் செய்வதும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட வேலைதான்.

மெக்கானிக்கலும் மெட்டலர்ஜியும் படிக்கும் தம்பி தங்கைகளே, நல்ல சம்பளத்துக்குப் போங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் உங்களில் நாலு பேராவது அந்த வாய்க்காலை வெட்ட மண்வெட்டி எடுக்க வேண்டும் என்பது இந்தக் கிழவனின் ஆசை.