ஹென்ரியட் போஸ்மன்ஸ்

ஓர் இசைக்கலைஞரின் வாயை அடைத்துவிட்டால் அவருடைய இசையும் அடங்கிவிடுமா? இந்த வினாவுக்கு நெதர்லாந்து நாட்டுப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையே விடை தருகிறது.

ஹென்ரியட் போஸ்மன்ஸ் 1895ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரின் புகழ்பெற்ற கான்செர்ட்கெபௌ பல்லியக் குழுவில் முதன்மைச் செல்லோக் கலைஞர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் மறைந்தார். யூதரான தாயார் சாரா, பியானோ ஆசிரியை. அவரே மகளுக்குக் குருவானார். பதினேழு வயதில் ஹென்ரியட் சிறப்புத் தகுதியுடன் தேர்ச்சி பெற்றார்.

மேடையில் பியானோ வாசித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. தந்தையின் கருவியான செல்லோவுக்கு 1920களில் பல படைப்புகளை எழுதினார். பின்னர் வில்லெம் பைப்பர் என்னும் இசையறிஞரிடம் பயின்று புதிய வழியில் நடந்தார். பியானோவும் பல்லியமும் இணைந்து இசைக்கும் அவருடைய படைப்பு ஒன்று 1929இல் ஜெனீவாவில் நடந்த அனைத்துலக இசை விழாவில் அரங்கேறியது. 1934இல் வயலினுக்கு ஒரு படைப்பை எழுதினார். அதை வாசிக்க வேண்டியவர், அவர் மணக்கவிருந்த வயலின் கலைஞர் பிரான்சிஸ் கூனே. அவரோ நோயுற்று இறந்துபோனார். அந்தத் துயரத்தில் ஹென்ரியட்டின் எழுதுகோல் பல ஆண்டுகள் ஏறக்குறைய ஓய்ந்தே கிடந்தது.

1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தைக் கைப்பற்றியது. கலைஞர்கள் அனைவரும் ஆக்கிரமிப்பாளரின் கலை மன்றத்தில் உறுப்பினராக வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. ஹென்ரியட் சேர மறுத்தார். 1942 முதல் பொதுமேடை அவருக்கு மூடப்பட்டது. வருவாயும் நின்றது. ஆயினும் அவர் முடங்கிவிடவில்லை. நண்பர்களின் வீட்டுக் கூடங்களில் இரகசியமாக வாசித்தார். இத்தகைய கச்சேரிகளை மக்கள் 'கறுப்பு மாலைகள்' என்று அழைத்தனர். கேட்க வந்தவர்கள் கொடுத்த பணமே மேடை இழந்த கலைஞர்களின் அடுப்பை எரிய வைத்தது.

1944இல் முதிய தாயார் கைதாகி வெஸ்டர்போர்க் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இரயிலேற்றி அனுப்பப்பட்டனர். அவர்களுள் திரும்பி வந்தோர் மிகச் சிலரே. மகள் விடாது முயன்று தாயை மீட்டார்.

போர் முடிந்ததும் அடைபட்டிருந்த ஊற்று திறந்தது. விடுதலையையும் மாண்டோரையும் பற்றிய பாடல்களுக்கு 1945இல் இசையமைத்தார். பின்னர் நொயெமி பெருஜியா என்னும் பிரெஞ்சுப் பாடகிக்காகப் பல பாடல்களை உருவாக்கினார். 1952 ஜூலை 2ஆம் நாள், தம் 56ஆம் வயதில் மறைந்தார்.

நேயர்களே, மேடையை மூட ஆணை போதும். இசையை மூட அது போதவில்லை. 1994 முதல் அவர் பெயரால் இளம் டச்சு இசையமைப்பாளர்களுக்குப் பரிசு ஒன்று நிறுவப்பட்டது. பேசாமல் இருக்கப் பணிக்கப்பட்டவரின் பெயர், பேச விரும்பும் இளையோருக்கு ஊக்கமாயிற்று.