முற்றத்துத் திராட்சைக் கொடியின் வரலாறு

திராட்சையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் மதுவின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். வரிப் பதிவேடுகளும் துறைமுகக் கணக்குகளும் மடாலயங்களின் சொத்துப் பட்டியல்களும் ஏக்கர் கணக்கில் விரிந்த தோட்டங்களைப் பற்றியே பேசுவதால், வீட்டு முற்றத்தில் நிழலுக்காகப் பந்தலில் ஏற்றிவிடப்பட்ட ஒற்றைக் கொடி அந்த வரலாற்றில் ஓர் ஓரத்து அலங்காரமாகவே நின்றுவிட்டது. இது பெரும் குறை. கடந்த இருநூறு ஆண்டுகளில் உலகத் திராட்சை வளர்ப்பைக் குலைத்த பெருநோய்களில் இரண்டு ஐரோப்பாவில் முதலில் கண்டறியப்பட்டது வீட்டுத் தோட்டக் கண்ணாடிக் கூடங்களில்தான். அந்த அழிவுகளுக்குத் தப்பிய முதுகொடிகள் சில நின்றதும் வீட்டுச் சுவர்களில்தான். தமிழ்நாட்டுச் சந்தைகளில் இன்று விற்கும் இரண்டு கருந்திராட்சை வகைகளின் வழியைப் பின்தொடர்ந்தாலும் அது அயல்நாட்டு மாளிகைத் தோட்டம் ஒன்றிலும் நகர வீட்டுத் தோட்டம் ஒன்றிலும் போய் முடிகிறது.

திராட்சை வீட்டுக் கொடியானதற்கு அதன் இயல்பே காரணம். வைட்டிஸ் வினிபெரா என்று தாவரவியலார் அழைக்கும் ஐரோப்பிய, மேற்காசியத் திராட்சை காட்டில் மரங்களைப் பற்றி ஏறும் கொடியாக இருந்தது. இலைக்கு எதிர்ப்புறத்தில் தோன்றும் பற்றுக்கம்பிகளால் கிளைகளைச் சுற்றிக்கொண்டு, உச்சிக்குச் சென்று வெயிலில் காய்க்கும் பழக்கம் அதற்கு உண்டு. குளிர்நாடுகளில் அது இலையுதிர் கொடியாதலால், கோடையில் அடர்ந்த இலைக்கூரையாகவும் மாரியில் வெறும் தண்டாகவும் நின்று, வெயில் வேண்டாத மாதங்களில் அதை மறைத்து, வேண்டிய மாதங்களில் வீட்டுக்குள் விட்டுவிடுகிறது. தெற்கு நோக்கிய முன்றிலில் இதைவிடப் பொருத்தமான செடி மத்தியதரைக் கடல் நாட்டவருக்குக் கிடைக்கவில்லை. முந்தைய ஆண்டில் முற்றிய தண்டிலிருந்து இவ்வாண்டு வெடிக்கும் தளிரில்தான் காய் பிடிக்கும் என்பதால் ஆண்டுதோறும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். கவாத்து எனப்படும் அந்தப் பராமரிப்பு, தவறாமல் திரும்பத் திரும்பக் கவனிக்கக்கூடிய வீட்டார் கையில் நன்றாகவே நடக்கும்.

எகிப்தில் பந்தல் மிகத் தொன்மையானது. கவட்டைக் கம்புகளின்மேல் படர்ந்த கொடியின் வடிவமே அந்நாட்டுச் சித்திர எழுத்தில் திராட்சையைக் குறித்தது. தீப்சு நகரத்தில் நாக்த் என்னும் எழுத்தரின் கல்லறை ஓவியத்தில், வளைவான பந்தலின்கீழ் நின்று இருவர் குலை பறிக்க, வேறு சிலர் தொட்டியில் மிதித்துச் சாறு எடுக்கிறார்கள். அதே நகரத்தின் தலைவனாக இரண்டாம் அமன்ஹோதெப் மன்னன் காலத்தில், ஏறத்தாழ கி.மு. 1400 அளவில், விளங்கிய சென்னெபெரின் கல்லறையில் பாறைக்கூரையின் மேடு பள்ளங்களைச் செதுக்கிச் சமப்படுத்தாமல், அவற்றின்மேலேயே கொடியும் குலையும் தீட்டியிருக்கிறார்கள். கூரை புடைத்த இடங்களில் குலைகள் தொங்குவதுபோலத் தோன்றுகின்றன. பந்தலடி நிழல் மறுமைக்கும் வேண்டிய இன்பங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எபிரேயருடைய மறைநூலிலும், ஒவ்வொருவரும் தத்தம் திராட்சைக் கொடியின் கீழும் அத்திமரத்தின் கீழும் அச்சமின்றி இருப்பதே சமாதானத்தின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. கொடி ஊன்றிக் காய்க்கச் சில ஆண்டுகளும் முழு நிழல் தர இன்னும் சில ஆண்டுகளும் ஆகும் என்பதால், போர் ஓயாத ஊரில் அது கைகூடாது.

உரோமர்தான் பந்தலை வீட்டுக் கட்டடக் கலையின் உறுப்பாக்கினர். மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில், உரோம் நகரத்து லிவியா மண்டபத்தில் ஒரே கொடி நடைபாதைகள் முழுவதற்கும் நிழல் தந்துகொண்டே ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆம்போரா சாறும் அளித்ததைக் குறிக்கிறார். ஆம்போரா என்பது ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும் சாடி ஆகையால், அது 300 லிட்டருக்கு மேற்பட்ட சாறு. அவருடைய மருமகனான இளைய பிளினி தம் டஸ்கனி மாளிகையை வருணிக்கும் கடிதத்தில், நான்கு சலவைக்கல் தூண்களில் ஏறிய கொடியின் நிழலில் வெண்சலவைக்கல் சாய்விருக்கை ஒன்று அமைந்திருந்ததையும், அதன் அடியிலிருந்து நீர் பீறிட்டு வந்ததையும் விரிவாகச் சொல்கிறார்.

இவை செல்வர் வீட்டுச் செய்திகள். எளிய வீடுகளின் செய்தி, கி.பி. 79இல் வெசுவியசு எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்திலிருந்து கிடைத்தது. அங்கே செடிகள் மட்கிப்போனாலும் வேர் இருந்த இடம் குழியாகவே நிலைத்து, நாளடைவில் எரிமலைச் சிறுகற்களால் நிரம்பியிருந்தது. அக்கற்களைக் கவனமாக அள்ளிவிட்டு, குழியில் சிமெண்டு ஊற்றி, அது இறுகியபின் சுற்றியுள்ள மண்ணை அகற்றினால் வேரின் அச்சு அப்படியே கிடைக்கும். இந்த முறையைக் கொண்டு 1960களிலிருந்து பொம்பெயித் தோட்டங்களை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றறிஞர் வில்ஹெல்மினா ஜாஷெம்ஸ்கி, அதுவரை யாரும் பொருட்படுத்தாத சிறுவீடுகளின் கொல்லைகளிலும் உணவுக்கடைகளின் பின்கட்டுகளிலும் கொடிவேரும் பந்தற்கால் குழியும் இருப்பதைக் காட்டினார். மூன்று பக்கமும் சாய்ந்து உண்ணும் மேடை கொண்ட திரிக்ளினியம் என்னும் உணவிடம் கோடையில் தோட்டத்துக்கு இடம் மாறும். அதன் நான்கு மூலைத் தூண்களும் பெரும்பாலும் கொடிப் பந்தலைத் தாங்கவே நின்றவை. மாளிகைகளைத் தோண்டிச் சிலைகளைத் தேடிய முன்னோர் காணத் தவறிய எளியோரின் நகரத்தை, ஒரு வேர்க்குழியிலிருந்து அவர் மீட்டெடுத்தார். தோட்ட வரலாறு தனித்துறையாக உருப்பெற்றதில் அவருடைய பங்கு மிகப் பெரிது.

உரோமப் பேரரசு மறைந்தபின்னும் கிழக்கு மத்தியதரை நாடுகளிலும் கருங்கடல் கரையிலும் காக்கேசியப் பகுதியிலும் முற்றத்துக் கொடி குடும்ப உணவின் ஒரு பகுதியாகவே நீடித்தது. இங்கே கொடியிலிருந்து பெறப்படுவது பழம் மட்டுமன்று. வசந்தத்தின் இறுதியில் இளந்தளிர் இலைகளைப் பறித்து உப்பிலிட்டு வைத்து, அரிசியும் இறைச்சியும் பொதிந்து வேகவைக்கும் சுருள்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். கோடையில் புளிப்பு மாறாத காய்களைப் பிழிந்த சாறு, ஈரானிலும் துருக்கியிலும் எலுமிச்சைச் சாற்றின் இடத்தில் குழம்புகளில் சேர்கிறது. பழுத்தபின் பிழிந்த சாற்றில் சுண்ணாம்புச் சத்துள்ள வெண்மண்ணைச் சிறிது கலந்து புளிப்பை முறித்துத் தெளியவைத்து, பாகாகக் காய்ச்சிய பெக்மெஸ் என்னும் கரும்பாகு மாரிக்கால இனிப்பாகிறது. மது விலக்கப்பட்ட இசுலாமியக் குடும்பங்களிலும் கொடி வளர்ப்பு தளராமல் இருந்ததற்கு இந்தப் பயன்களே காரணம். சீனத்தின் வடமேற்கில், கடல்மட்டத்துக்கும் கீழான பள்ளத்தில் அமைந்த துர்பான் சோலையூரில், உய்குர் மக்கள் முற்றத்துடன் நில்லாமல் தெருவையே கொடிப்பந்தலால் மூடினர். கோடையில் வெப்பம் 40 பாகைக்கு மேல் ஏறும் அவ்வூரில், மலையடியிலிருந்து கரேஸ் என்னும் நிலத்தடிக் கால்வாய்களில் வரும் நீரே அந்தக் கொடிகளை வாழவைத்தது.

வடக்கு ஐரோப்பாவில் சிக்கல் நேர்மாறானது: அங்கே தேவை நிழல் அல்ல, வெப்பம். பகலில் வெயிலை வாங்கி இரவில் மெல்ல வெளியிடும் தெற்குச் சுவரே அங்கே கொடிக்குத் துணையானது. பாரிசுக்குத் தென்கிழக்கில் பொந்தேன்புளோ அரண்மனையின் சுவரில் மன்னருக்கென வளர்த்த ஷாஸ்லா என்னும் வெண்திராட்சையை, அருகிலுள்ள தொமெரி என்னும் சிற்றூரில் பிரான்சுவா ஷார்மே 1730இல் தம் சுவரில் ஏற்றினார். அவரைப் பின்பற்றி ஊரே ஓடு வேய்ந்த மதில்களை வரிசை வரிசையாகக் கட்டிக் கொடி வளர்த்தது. அவ்வூரார் 19ஆம் நூற்றாண்டில் கண்ட சேமிப்பு முறை வியக்கத்தக்கது. குலையைத் தண்டுத் துண்டோடு வெட்டி, நீர் கெடாதிருக்கக் கரி போட்ட சிறு புட்டியில் தண்டைச் செருகி, இருண்ட அறையில் வரிசையாக மாட்டிவைத்து, அடுத்த வசந்தம் வரையில் வாடாத பழத்தைப் பாரிசுக்கு அனுப்பினார்கள்.

இங்கிலாந்தில் சுவரும் போதாமல் கண்ணாடிக் கூரை வேண்டியதாயிற்று. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தோட்டக் கண்காணிப்பாளரான லேன்சலாட் பிரவுன், எசெக்ஸ் பகுதி மாளிகைக் கொடியொன்றிலிருந்து எடுத்த குச்சியை 1768இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நட்டார். பிளாக் ஹாம்பர்க் என்று ஆங்கிலேயர் அழைக்கும் வகையைச் சேர்ந்த அக்கொடி இன்றும் காய்க்கிறது. 2001இல் அதன் விளைச்சல் 383 கிலோ. கொடி கண்ணாடிக் கூடத்துக்குள் படர, வேர் வெளியே இருக்கிறது. வேறெந்தச் செடியும் அதன் உணவைப் பகிராதபடி அந்தத் தரையை வெறுமையாகவே விட்டுவைத்திருக்கிறார்கள். 1845இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டதும் நடுத்தர வருவாயினரும் கண்ணாடிக் கூடம் கட்டினர். நீராவிக் கப்பல்களின் வேகத்தால் அமெரிக்கச் செடிகள் உயிரோடு வந்து அவற்றில் குடியேறின.

அவற்றோடு நோயும் வந்தது. அதே 1845இல் கெண்ட் பகுதியின் மார்கேட் நகரில், எட்வர்டு டக்கர் என்னும் தோட்டக்காரர் தம் பொறுப்பிலிருந்த கண்ணாடிக் கூடத்துக் கொடிகளில் சாம்பல் தூவியது போன்ற பூசணத்தைக் கண்டார். இன்று தமிழ் உழவர்கள் சாம்பல் நோய் என்று அறியும் அதற்கு அவர் பெயரே அறிவியல் பெயரில் இடப்பட்டது. கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கலாம் என்ற மருந்தைக் கண்டவரும் அவரே. சில ஆண்டுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த அந்நோயால் 1854ஆம் ஆண்டின் பிரெஞ்சு மது உற்பத்தி அந்த நூற்றாண்டின் மிகத் தாழ்ந்த அளவுகளில் ஒன்றுக்குச் சரிந்தது. 1863இல் இலண்டனை அடுத்த ஹாமர்ஸ்மித்தின் கண்ணாடிக் கூடம் ஒன்றிலிருந்து ஆக்ஸ்போர்டு பூச்சியியல் பேராசிரியர் வெஸ்ட்வுட்டுக்கு வந்த இலைகளில் இருந்தது பைலோக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி. அதே காலத்தில் தென்பிரான்சில் தோட்டங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. 1868இல் தாவரவியலாளர் பிளான்ஷோனும் அவருடைய தோழர்களும் வேரைத் தோண்டிப் பார்த்தபோதுதான் காரணம் அதே பூச்சி என்பது புலப்பட்டது. அமெரிக்க வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுவதே இறுதியில் தீர்வாயிற்று.

பெருந்தோட்டக்காரர் ஒட்டுக் கட்டினர். கந்தகம் வாங்கவும் வழியில்லாத குடும்பங்கள் வேறு வழியை நாடின. நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் கிப்ஸ் குடும்பத்தின் வீட்டுத் தோட்டத்திலிருந்து 1816இல் நாற்றுப்பண்ணை உரிமையாளர் வில்லியம் பிரின்ஸ் பெற்று, அவ்வீட்டுத் தலைவியின் பெயரால் பரப்பிய இசபெல்லா என்னும் கலப்பு வகை, மருந்து தெளிக்காமலே சாம்பல் நோயைத் தாங்கியது. இத்தாலியிலும் அசோர்ஸ் தீவுகளிலும் மேற்கு ஜார்ஜியாவிலும் துருக்கியின் கருங்கடல் கரையிலும் வீட்டுப் பந்தல்களை அதுவே பிடித்துக்கொண்டது. அதன் கடுமணத்தை மது வல்லுநர்கள் வெறுத்தனர். 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரான்சு தடைசெய்த ஆறு வகைகளில் அதுவும் ஒன்று. சந்தையில் மிகுந்து கிடந்த மதுவைக் குறைப்பதே அச்சட்டத்தின் அடிப்படை நோக்கமாக இருந்ததால், மலையூர் மக்கள் தம் முற்றத்துக் கொடியை வெட்ட மனமின்றிக் காத்துவந்ததைக் குற்றமாகக் கருதுவது நியாயமாகாது.

வீட்டுச் சுவரில் நின்று அழிவிலிருந்து தப்பிய ஒற்றைக் கொடிக்கு சுலோவீனியாவின் மாரிபோர் நகரத்துக் கொடி சிறந்த எடுத்துக்காட்டு. திராவா ஆற்றங்கரையில் ஒரு வீட்டின் முகப்பில் படர்ந்துள்ள அந்த ஷாமெதோவ்கா வகைக் கொடி 400 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களிலேயே இடம்பெற்ற அது, வேர்ப்பூச்சிக்கும் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்கும் தப்பி இன்றும் காய்க்கிறது. அதன் சாற்றில் வடித்த மது, கால் லிட்டர் புட்டிகளில் நகரத்தின் பரிசாக விருந்தினருக்கு வழங்கப்படுகிறது.

தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தவை இந்த வீட்டுக் கொடிகளின் வழித்தோன்றல்களே. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகையாகும். இதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டக்காரர் சீவர்டு ஸ்னோ உருவாக்கினார். அதன் பெற்றோரில் ஒன்று ஹாம்ப்டன் கோர்ட்டில் நிற்கும் அதே பிளாக் ஹாம்பர்க். மற்றொன்று அலெக்சாந்திரிய மஸ்கட். தமிழ்ச் சந்தைக்கு வரும் பெங்களூர் ப்ளூ, புரூக்ளின் வீட்டிலிருந்து புறப்பட்ட இசபெல்லாவே. வணிகப் பயிரானபின்னும் இங்கே கொடி வரிசைவேலியில் நிற்கவில்லை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலிலேயே ஏறியது. கடும் வெயில் குலையைச் சுடாதிருக்க இலைக்கூரை வேண்டும் என்பதும், அடியில் காற்று ஓடிப் பூசணம் தணிய வேண்டும் என்பதும் அதற்குக் காரணங்கள். ஆனால் குளிர்நாட்டு முற்றத்தில் அக்கொடிக்கு இடம் தேடித்தந்த இலையுதிர்வு இங்கே நிகழ்வதில்லை. மாடியிலோ வாசலிலோ ஏற்றிவிட்ட கொடி ஆண்டு முழுதும் பச்சையாகவே நின்று நிழல் தரும், தானாக விட்டால் காய்ப்பது அரிது. அதனால் கம்பத்து உழவர்கள் ஆண்டுக்கு இருமுறையேனும் கவாத்துச் செய்து, எஞ்சிய இலைகளையும் உருவிவிட்டுக் கொடியைப் புதிதாகத் துளிர்க்க வைக்கிறார்கள். அவ்வாறு வெட்டிய சில நாட்களில் கண் வெடித்து, நான்கு மாத அளவில் குலை பழுக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் வெட்டும் நாளை மாற்றிக்கொள்வதால் அப்பள்ளத்தாக்கிலிருந்து ஆண்டின் எல்லா மாதங்களிலும் பழம் சந்தைக்கு வருகிறது.