வழக்கில் ஜெயித்துத் தோற்ற சவுண்ட் கார்டு

இப்போது யாரும் சவுண்ட் கார்டு தேடி அலைவதில்லை. மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது; ஹெட்போனைச் செருகினால் முடிஞ்சது. 1998-இல் அது கட்சி சேருகிற விஷயம். ஒரு பக்கம் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத்து சவுண்ட் பிளாஸ்டர் லைவ். எதிரே, அமெரிக்காவின் ஆரியல் செய்த வோர்டெக்ஸ் 2 சில்லு பொருத்திய கார்டுகள்.

கிரியேட்டிவ் அப்போதே பெரிய கை. 1989-இல் வந்த அதன் முதல் சவுண்ட் பிளாஸ்டரில் இருந்தது, கனடாவின் ஆட்லிப் கார்டில் இருந்த அதே யமஹா சில்லுதான். கூடவே பேச்சு, வெடிச்சத்தம் மாதிரி பதிவுசெய்த ஒலிகளையும் வாசித்தது. ஜாய்ஸ்டிக் செருக ஓர் ஓட்டையும் வைத்தார்கள். (பாதி வியாபாரத்தை அந்த ஓட்டையே பார்த்துக்கொண்டது என்று எனக்குச் சந்தேகம்.) 1992-இல் ஆட்லிப் திவால்.

ஆரியலின் வழி வேறு. 1996-இல் அது வாங்கிய கிரிஸ்டல் ரிவர் என்ற சிறு நிறுவனம், நாசாவுக்காக முப்பரிமாண ஒலிக்கருவி செய்துகொடுத்தது. ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் இம்மி நேர வித்தியாசத்தில் வந்து சேரும். காதுமடலும் அதைக் கொஞ்சம் மாற்றும். அதை வைத்துத்தான் மூளை 'பின்னாடி யாரோ வர்றான்' என்று கண்டுபிடிக்கிறது. வோர்டெக்ஸ் இந்தக் கணக்கைப் போட்டது. அதன் ஏ3டி 2.0, விளையாட்டுக்குள் சுவர் எங்கே நிற்கிறது என்று பார்த்து எதிரொலியையும் கணக்கிட்டது. கிரியேட்டிவின் இஏஎக்ஸ் அவ்வளவு மெனக்கெடவில்லை: இது குகை, இது குளியலறை என்று இடத்துக்கு ஒரு முழக்கம், அவ்வளவுதான். பிற்பாடு நண்பன் ஒருவனின் பழைய கணினியில், சாதாரண ஹெட்போனில், வோர்டெக்ஸைக் கேட்டேன். சுவர் மூலை திரும்பும்போது காலடிச் சத்தமும் கூடவே திரும்பியது. விளையாட்டுக்கு அதுதான் மேல், சந்தேகமே இல்லை.

பாட்டுக்கு? லைவ் கார்டு எதையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வாசிக்கும், சிடியோ 44.1. இசைப்பித்தர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்தார்கள். படம் பார்க்க, 2000-இல் வந்த லைவ் 5.1 நல்ல சாமான்.

அதற்குள் போட்டியே முடிந்திருந்தது. காப்புரிமையை மீறியதாக 1998-லேயே ஆரியல் மேல் கிரியேட்டிவ் வழக்குப் போட்டது. 1999 டிசம்பரில் ஜூரி ஆரியல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜெயித்தும் என்ன? வழக்குச் செலவில் தள்ளாடிய கம்பெனி 2000-இல் திவால். அதன் சொத்தை வாங்கியது யார் என்கிறீர்கள், கிரியேட்டிவேதான். ஏ3டி பெட்டிக்குள் போனது.

விண்டோஸ் விஸ்டா 2007-இல் கடைக்கு வந்தபோது, டைரக்ட்சவுண்ட் வழியாக விளையாட்டுகள் கார்டின் வன்பொருளைத் தொடும் பாதையை அடைத்தது. பழைய விளையாட்டுகளில் இஏஎக்ஸும் ஊமையானது. அதைப் பேசவைக்க கிரியேட்டிவ் அல்கெமி என்று தனியாக ஒரு மென்பொருள் எழுத வேண்டியிருந்தது.