‘அணைத்ததும் நின்றது’: ஒரு பராமரிப்புக் குறிப்பின் மறுவாசிப்பு

சிறு விமானத்தின் ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை கேட்டால் குற்றவாளி ஆல்டர்னேட்டர், மருந்து கண்டென்சர் என்று இத்துறையில் எழுதிவந்தோர் பெரும்பாலும் தீர்ப்பு எழுதிவிட்டனர். அந்தத் தீர்ப்பு நிற்பது ஒரே சோதனையின்மேல்: ஆல்டர்னேட்டரை அணைத்து, ஊளை நிற்கிறதா என்று பார்ப்பது. அது தாங்கக்கூடியதற்கு மேல் அதன் தலையில் சுமத்தியிருக்கிறார்கள் என்பது என் வாதம்.

நான் எடுத்துக்கொள்ளும் சான்று, ஒரு பயிற்சி விமானத்தின் (செஸ்னா 172) பராமரிப்பேட்டில் உள்ள ஒற்றை வரி: ‘ஆல்டர்னேட்டரை அணைத்ததும் ஒலி நின்றது; கண்டென்சர் மாற்றப்பட்டது.’ இதே வரி சொல் மாறாமல் மூன்று இடங்களில் வருகிறது. முதல் கண்டென்சர் குணப்படுத்தியிருந்தால் மற்ற இரண்டுக்கும் வேலையே இல்லை. பழைய மரபு இதை மட்டமான உதிரிபாகத்தின் கதையாக வாசிக்கும். பிழை அந்த அரைப்புள்ளியில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. அதற்கு முன்னால் உள்ளது ஒலி எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ளதோ அது காதுக்கு வரும் வழியைத் தெரிந்துகொண்டதுபோல் பேசுகிறது.

இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று, ஆல்டர்னேட்டர் அதன் மூன்று மடங்கு, ரோட்டரில் 12 துருவம் என்று கொண்டால், ஆறு டையோடு வழியே வரும் ரிப்பிள் நொடிக்கு 4,320. (அதே வேகத்தில் நான்கு சிலிண்டர் இன்ஜினின் ஒரு மேக்னெட்டோ நொடிக்கு 80 பொறி தருகிறது, அது ஊளையிடாது, படபடக்கும்.) 118 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கும் ரிசீவருக்குள் இந்த ரிப்பிள் ஆன்டெனா வழியே நுழைய முடியாது. இவ்விமானத்திலோ ஆன்டெனா கேபிளைக் கழற்றியபோதும், ரேடியோவின் வால்யூமை அடியோடு குறைத்தபோதும் ஊளை அசையவில்லை. வால்யூம் குமிழுக்குப் பிறகுதான் அது நுழைந்திருக்க வேண்டும்.

பேனலுக்குப் பின்னால் கைவிளக்கோடு பார்த்தபோது இயர்போன் ஜாக்கின் ஃபைபர் வாஷர் இரண்டாகப் பிளந்து, ஜாக்கின் கழுத்து அலுமினியத்தில் உரசிக்கொண்டிருந்தது. ஆடியோ கிரவுண்டுக்கு இப்படி இரண்டாவது வழி திறந்துவிட்டது. விமான உடல் வழியே திரும்பும் மின்னோட்டம் 30 ஆம்பியர், இடைத்தடை 10 மில்லிஓம் என்றால் 0.3 வோல்ட், அதில் நூறில் ஒரு பங்கு ரிப்பிள் என்றாலும் 3 மில்லிவோல்ட். வெளிச்சத்தம் அடைத்த ஹெட்செட்டில் அது கேட்கும் என்றே கருதுகிறேன். வாஷரை மாற்றியதும் ஊளை போயிற்று. பிறகு, வேண்டுமென்றே, கண்டென்சரைக் கழற்றிவிட்டுத் தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம். ஊளை திரும்பவில்லை.

டையோடு ஒன்று அறுந்தால் ஆல்டர்னேட்டரே குற்றவாளி ஆகாதா? ஆகும். ஆனால் அப்போது ஆசிலோஸ்கோப்பில் பல்வரிசையில் ஒரு பல் விழுந்ததுபோல் இடைவெளி தெரியும். இங்கே பற்கள் முழுதாக இருந்தன. ஸ்ட்ரோப் விளக்கைச் சந்தேகிப்போருக்கு: அதன் கீச்சொலி விளக்கின் மின்னலோடு வரும், இன்ஜினோடு அல்ல.

ஒரே விமானத்தை வைத்துப் பொதுவிதி சொல்வது பிழை. உலோக உடல் இல்லாத விமானங்களில் கிரவுண்ட் பெரும்பாலும் கம்பி வழி என்பதால் தேட வேண்டிய இடமும் வேறு. இந்த ஏட்டின் வரியை மட்டும், அரைப்புள்ளிக்கு முன்னால் உள்ள பாதியோடு நிறுத்தி வாசிக்கும்படி கேட்கிறேன்.